ஒரு கணினி, இரு முறைமை: ஏற்றிகளின் வரலாறு

கணினியை இயக்கத் தொடங்குதலை ஆங்கிலேயர் 'பூட்' செய்தல் என்பர். பூட் என்பது கணுக்காலுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் தோற்காலணி. இழுத்து மாட்டுவதற்கு ஏற்ப அதன் பின்புறத்தில் ஒரு தோல்வார் தைக்கப்பட்டிருக்கும். அவ்வாரைத் தன் கையாலேயே பற்றித் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ள முயல்வது, ஆகாத செயலுக்கு அவர்தம் பேச்சில் வழங்கிய உவமை. காலணிக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவினால் ஆசிரியர் திகைக்க வேண்டியதில்லை. தொடர்பு உண்டு.

கணினி செய்யும் எச்செயலுக்கும் நிரல் வேண்டும். நிரலோ வன்வட்டில் கிடக்கிறது. அதனை நினைவகத்துக்குக் கொண்டுவந்தாலன்றி அது இயங்காது. கொண்டுவருவது யாது? அதுவும் ஒரு நிரலே. அப்படியாயின் அந்த நிரலைக் கொண்டுவருவது யாது? மரம் முந்தியதா, வித்து முந்தியதா என்னும் வினாவைப் போல இது முடிவின்றிச் சுழல்கிறது. 1953-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 701 என்னும் கணினியைப் பற்றி வெர்னர் புக்கோல்ட்ஸ் எழுதிய கட்டுரையில் காலணி வார் உவமை இதற்கென ஆளப்பட்டிருக்கிறது. அக்கணினியில் ஏற்றுவதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அதனை அழுத்தினால் மிகச் சிறிய கட்டளைத் துணுக்கு ஒன்று உள்ளே வரும். அத்துணுக்கு எஞ்சியவற்றைப் படிப்படியாக இழுத்து வரும். 1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினிக்கு அந்த வசதியும் இல்லை. அதன் முகப்பில் வரிசையாக நின்ற விசைகளை மேலும் கீழும் தட்டி, முதல் நிரலை ஒவ்வொரு பைட்டாக மனிதனே புகுத்த வேண்டியிருந்தது. மின்சாரம் நின்றுபோனால் மீண்டும் முதலிலிருந்து தட்ட வேண்டும்.

இவ்வாறு பிறவற்றை ஏற்றி வைக்கும் முதற் சிறு நிரலே 'பூட் லோடர்'. தமிழில் ஏற்றி எனலாம். ஒரு கணினியில் ஒரே இயக்க முறைமை இருக்கும் வரையில் ஏற்றி என்று ஒன்று இருப்பதே எவருக்கும் தெரிவதில்லை. ஒரே வன்வட்டில் இரண்டு முறைமைகள் குடியேறும்போதுதான், வாயிலில் நிற்பவன் எவன் என்ற வழக்குப் பிறக்கிறது.

வாயிற்காவலும் சாவிக்கொத்தும்

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதில் பயாஸ் என்னும் சிறு நிரல் அழியா நினைவகச் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. விசைகளைத் தட்டும் தொல்லை இனி இல்லை. மின்சாரம் பாய்ந்தவுடன் பயாஸ் விழிக்கும். வட்டின் முதற் செக்டரை, அஃதாவது 512 பைட்டு கொண்ட முதல் துண்டை, நினைவகத்தின் 31,744-ஆம் இடத்தில் கொண்டுவந்து வைக்கும். பின்னர் ஆட்சியை அத்துண்டிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வன்வட்டாயின், அத்துண்டின் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்னும் எண்களாக இருக்கின்றனவா என்று பார்க்கும். சோதனை அவ்வளவே. உள்ளே இருப்பது எந்த முறைமையின் நிரல், நல்லதா தீயதா என்று அது கேட்பதில்லை. விடியற்காலையில் கதவருகே முதலில் வந்து நிற்பவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் படுக்கச் செல்லும் தோட்டத்து ஜாகாவைப் போன்றது பயாஸ். 1986-இல் பரவிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டின் முதற் செக்டரிலேயே குடியிருந்தது என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

1983-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினி 10 மெகாபைட்டு வன்வட்டுடன் வந்தது. இன்று ஓரிரு நிழற்படங்களுக்கே போதுமான அந்த இடம், அன்று ஒருவருக்கு மிகுதி என்று தோன்றியது போலும். அவ்வட்டை நான்கு பகுப்புகள் வரை பிரித்து, வெவ்வேறு முறைமைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தனர். பங்கீட்டுக் கணக்கையும் முதற் செக்டரிலேயே எழுதினர். 'மாஸ்டர் பூட் ரெக்கார்டு' என்று பிற்காலத்தில் எல்லோரும் அறிந்த பதிவு இதுவே. 512 பைட்டில் அடையாளத்துக்கு இறுதியில் 2, ஒரு பகுப்புக்கு 16 வீதம் நான்கு பகுப்புகளுக்கு 64, எஞ்சியது 446. இந்த 446 பைட்டுக்குள் அடங்க வேண்டும் ஏற்றி. இக்கட்டுரையின் ஒரு சிறு பத்திகூட அதற்குள் அடங்காது.

நான்கு பகுப்புகளில் எதன் தலையில் 128 என்னும் குறி இருக்கிறதோ அதுவே நடப்புப் பகுப்பு. ஏற்றி அக்குறியைத் தேடிச் செல்லும். அப்பகுப்பின் முதற் செக்டரை எடுத்து இயக்கும். வேறு முறைமை வேண்டுமாயின் உரியவர் பகுப்பு நிரலைத் திறந்து, குறியை ஒரு பகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். ஒரே கணினியில் இரு முறைமைகளை ஆண்டுகொண்ட முதல் வழி இதுதான். தொல்லை மிகுந்தது, ஆயினும் நேர்மையானது. எவரும் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

பறித்தல் பின்னரே வந்தது. பங்கீடு நான்கு பேருக்கு, வாயிலோ ஒன்று. புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறைமையும் தன் ஏற்றியை அந்த 446 பைட்டில் எழுத உரிமை உடையதாக எண்ணிக்கொண்டது. முன்னர் அங்கு எழுதப்பட்டிருந்தது எதுவாயினும் அழிந்தது. விண்டோஸ் 95 போன்றவற்றை நிறுவும்போது, பழைய ஏற்றியை நீக்கலாமா என்ற கேள்வியே எழுப்பப்படவில்லை. இதனால் விளைந்த துன்பம் என்ன? மற்ற முறைமையும், அதில் எழுதி வைத்த கடிதங்களும் கணக்குகளும் பாடக்குறிப்புகளும் தத்தம் பகுப்பில் பழுதின்றி இருந்தன. அங்குச் செல்லும் வழிதான் இல்லை. இதனை அறிந்தவர் நெகிழ்வட்டின் துணையால் ஏற்றியை மீண்டும் எழுதிக்கொண்டனர். அறியாதவர் எல்லாம் போயிற்று என்று கருதி, வட்டை முழுவதும் துடைத்துப் புதிதாகத் தொடங்கினர். உண்மையில் அழிவு நேர்ந்தது அப்போதுதான்.

பழி ஒரு பக்கத்தது மட்டும் அன்று. லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து அதன் பகுப்பை விண்டோஸிலிருந்தபடியே நீக்கியவருக்கு நேர்மாறான விபத்து நேர்ந்தது. வாயிலில் நின்ற லினக்ஸ் ஏற்றி, இல்லாத பகுப்பைத் தேடித் திகைத்து நின்றது. நலமாக இருந்த விண்டோஸும் திறக்கவில்லை. டாஸின் பகுப்பு நிரலைத் தனிக் கட்டளை ஒன்றுடன் இயக்கினால் முதற் செக்டரின் நிரல் பழைய நிலைக்கு மீளும் என்ற செய்தி, கையேட்டில் இல்லாமலே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது.

ஐ.பி.எம். நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஓஎஸ்/2-இன் இரண்டாம் பதிப்பு, தனிச் சிறு பகுப்பில் வாழும் ஒரு தேர்வு நிரலைத் தந்தது. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் ஏற்றியும் ஒரு பட்டியலைக் காட்டவல்லது. லினக்ஸ் பகுப்பின் முதற் செக்டரைக் கோப்பாகப் படியெடுத்து விண்டோஸ் பகுப்பில் வைத்து, அப்பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் அங்கிருந்தே லினக்ஸுக்குச் செல்லலாம். ஆயின் அந்த வரியைப் பயனரே எழுத வேண்டும். விண்டோஸ் தானாக எழுதியதில்லை.

லிலோ

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். தொடக்கத்தில் அதனை இயக்கியவர் நெகிழ்வட்டைச் செருகியே இயக்கினர். அல்லது மினிக்ஸ் என்னும் முறைமைக்கென எழுதப்பட்ட ஏற்றியை இரவல் பெற்றனர். அதன் பெயர் 'ஷூலேஸ்', அஃதாவது காலணி நாடா. பெயரிட்டவர் நகைச்சுவை உடையவராதல் வேண்டும். ஹான்ஸ் லெர்மன் என்பார் எழுதிய 'லோட்லின்' வேறொரு வழி காட்டிற்று. அது வாயிலைத் தொடுவதே இல்லை. டாஸ் இயங்கத் தொடங்கிய பின், அதற்குள்ளிருந்தே லினக்ஸை அழைத்துவரும்.

லினக்ஸுக்கென்றே பிறந்த ஏற்றி லிலோ. 1992-இல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் அதனை எழுதத் தொடங்கினார். அவர் எதிர்கொண்ட இடர் தெளிவானது. வன்வட்டிலுள்ள கோப்பைப் பெயர் சொல்லித் தேட வேண்டுமாயின், கோப்புகள் அடுக்கப்பட்ட ஒழுங்கை அறியும் நிரல் வேண்டும். அந்நிரலுக்கு 446 பைட்டில் இடம் இல்லை. ஆகவே லிலோ பெயரைத் தேடுவதில்லை. நிறுவப்படும் பொழுதிலேயே, லினக்ஸின் கருநிரல் வட்டின் எந்த எந்தச் செக்டர்களில் கிடக்கிறது என்று கணக்கெடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளும். தொடங்கும் பொழுது அவ்விடங்களுக்கு நேரே சென்று எடுத்துவரும். தெருப்பெயரும் வீட்டு எண்ணும் அறியாமல், பாலத்திலிருந்து நாற்பதாம் அடியில் இன்னார் வீடு என்று அடிக்கணக்கில் கடிதம் கொடுக்கும் தபால்காரரைப் போன்றது அது. வீடு இருந்த இடத்தில் இருக்கும் வரை கடிதம் தவறாது. கருநிரலைப் புதுப்பித்துவிட்டு லிலோவை மறுமுறை இயக்கிக் கணக்கைத் திருத்த மறந்தவரோ, மறுநாள் காலையில் இருண்ட திரையைக் கண்டனர். அந்நாளைய லினக்ஸ் பயனருள் இப்பாடத்தைப் பட்டறிந்து கல்லாதவர் சிலரே.

எனினும் லிலோவிடம் ஓர் அருங்குணம் இருந்தது. தான் இடறி விழுந்த இடத்தை அது சொல்லிவிடும். தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு படி கடந்தபின் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். ஓர் எழுத்தும் தோன்றவில்லையெனின் லிலோ ஏறவே இல்லை. 'எல்' மட்டும் தோன்றினால், முதற்பகுதி வந்துவிட்டது, இரண்டாம் பகுதியைக் கொண்டுவர இயலவில்லை என்று பொருள். அதனோடு 'ஐ'யும் சேர்ந்தால், இரண்டாம் பகுதி வந்தது, ஆனால் இயங்கவில்லை. மூன்றாம் எழுத்துடன் நின்றால், இடக்குறிப்புகளை வாசிக்க முடியவில்லை. நான்கும் தோன்றினால் எல்லாம் நலம். 446 பைட்டுச் சிறையில் பிழையை விளக்க ஒரு சொற்றொடருக்குக்கூட இடமில்லாதபோது, தன் பெயரையே நோய்க்குறியாக்கியவரின் அறிவு பாராட்டத் தக்கது.

பயாஸ் விதித்த எல்லை ஒன்றும் அக்காலத்தில் பலரை அலைக்கழித்தது. வட்டின் உருளை எண்ணைக் குறிக்கப் பயாஸ் 10 இரும இலக்கங்களையே ஒதுக்கியிருந்தது. ஆகவே 1,024 உருளைகளுக்கு அப்பால் அதன் கை எட்டாது. எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் அவ்வெல்லை 8.4 கிகாபைட்டைத் தாண்டாது. பெரிய வட்டின் முற்பகுதியை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு அப்பால் லினக்ஸை வைத்தவர்க்கு லிலோ உதவவில்லை. கருநிரலுக்கென ஒரு சிறு பகுப்பை வட்டின் தொடக்கத்தில் ஒதுக்கும் வழக்கம் இதனால் வந்தது. காரணம் மறைந்த பின்னும் அவ்வழக்கம் பல காலம் நீடித்தது. பழக்கங்களின் இயல்பு அது. 1999 முதல் லிலோவைப் பேணிய ஜான் காஃப்மன் காலத்தில் புது வகைப் பயாஸ்களுக்கு ஏற்ப அவ்வெல்லை நீங்கியது. லிலோவின் வளர்ச்சிப் பணி 2015-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது.

கிரப்

1995-இல் எரிக் போலின் என்பார் குனு ஹர்டு என்னும் முறைமையைத் தொடங்கிவைக்க முயன்றுகொண்டிருந்தார். ஹர்டு உலகில் பரவவில்லை. ஆனால் அதனை எழுப்பப் பிறந்த கருவி உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு முறைமைக்கும் ஒவ்வோர் ஏற்றி, ஒன்றை ஒன்று அறியாது என்றிருந்த குழப்பத்தில் மேலும் ஒன்றைச் சேர்க்கலாகாது என்று போலினும் பிரையன் ஃபோர்டும் கருதினர். ஆகவே ஏற்றிக்கும் கருநிரலுக்கும் இடையே பொது உடன்படிக்கை ஒன்றை வகுத்து, 'மல்டிபூட்' எனப் பெயரிட்டனர். அதனை உணரும்படி ஃப்ரீபிஎஸ்டியின் ஏற்றியைத் திருத்தத் தொடங்கிய போலின், திருத்துவதினும் புதிதாக எழுதுதல் எளிது என்று கண்டார். அவ்வாறு பிறந்தது கிரப். இயற்பியலாரின் பெரும் ஒருங்கிணைப்புக் கொள்கையை நினைவூட்டும் விளையாட்டுப் பெயர் அது. 1999-இல் கார்டன் மாட்சிக்கெய்ட், யோஷினோரி ஒக்குஜி ஆகிய இருவரும் அதனைக் குனு திட்டத்தின் பொறுப்பில் ஏற்றனர். 2002 அளவில் ஒக்குஜி மீண்டும் அடியிலிருந்து எழுதத் தொடங்கியதே கிரப் 2. உபுண்டு 2009 அக்டோபர் வெளியீட்டில் புதிய நிறுவல்களுக்கு அதனை ஏற்றது.

கிரப் செய்த பெருமாற்றம், கோப்பைப் பெயர் சொல்லித் தேடும் திறன். கருநிரல் இடம்பெயர்ந்தாலும் அது தேடிக் கண்டுகொள்ளும்; பட்டியலில் பிழை இருந்தால் கட்டளை வரியில் திருத்தித் தட்டி உள்ளே செல்லலாம். இத்துணைத் திறனும் 446 பைட்டில் எவ்வாறு அடங்கிற்று? அடங்கவில்லை. பழைய வட்டுகளில் முதற் பகுப்பு 63-ஆம் செக்டரில்தான் தொடங்கும். முதற் செக்டருக்கும் அதற்கும் இடையே 62 செக்டர்கள் எவருக்கும் உரிமையின்றி வெறுமையாய்க் கிடந்தன. கிரப் அங்கே தன் நடுப்பகுதியை வைத்தது. அந்த இடத்தின் அளவு 31,744 பைட்டு. மேலே கூறிய நினைவக எண்ணும் அதுவே. தற்செயல் ஒற்றுமை, கணக்காசிரியர்க்கு மகிழ்ச்சி தரும்.

உரிமையற்ற நிலம் நெடுநாள் ஒருவருக்கே வாய்ப்பதில்லை. விண்டோஸில் இயங்கும் சில வணிக மென்பொருள்கள், உரிமம் பெறாதார் தம்மைப் பயன்படுத்தாதபடி இரகசியக் குறி ஒன்றை அதே வெற்றிடத்தில் எழுதின. கிரப் சிதைந்தது. பயனர் விண்டோஸில் ஏதோ ஒரு நிரலை நிறுவினார். மறுநாள் லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. கிரப்பை எழுதியோர் சண்டைக்குச் செல்லவில்லை. ரீடு, சாலமன் என்னும் இருவர் 1960-இல் கண்ட பிழைதிருத்தக் கணிதத்தை அவ்விடத்தில் புகுத்தினர். இசைக்குறுந்தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டுக் கெடாமல் ஒலிக்கச் செய்வது அக்கணிதமே. இனி எவரேனும் சில பைட்டுகளை மேலெழுதினாலும் கிரப் தன்னைத் தானே செப்பம் செய்துகொள்ளும்.

விண்டோஸைக் கிரப் எவ்வாறு தொடங்குகிறது என்பதும் அறியத் தக்கது. அதற்கு விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. விண்டோஸின் சொந்த ஏற்றியை எடுத்து நினைவகத்தில் வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. சங்கிலி ஏற்றம் என்பது இதன் பெயர். விண்டோஸை முதலில் நிறுவுக, லினக்ஸை அடுத்து நிறுவுக என்று பயனர் தமக்குள் சொல்லிக்கொண்ட விதி இதனால் எழுந்தது. பின்னால் வருவது முன்னவனுக்கு வழிவிடும் இயல்புடையதாக இருந்தால் இருவரும் வாழலாம். வழிவிட்டது பெரும்பாலும் லினக்ஸ் பக்கமே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வாயிலுக்குப் பதில் அறைகள்

முதற் செக்டரின் ஆட்சிக்கு முடிவு கட்டியது வேறொரு துறை. இன்டெல் நிறுவனம் தன் இட்டேனியம் சில்லுக்காக 1990-களின் இறுதியில் வகுத்த இ.எஃப்.ஐ. முறை, 2005-இல் பல நிறுவனங்கள் கூடிய மன்றத்தின் பொறுப்புக்கு வந்து யூ.இ.எஃப்.ஐ. ஆயிற்று. பழைய பதிவு 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை அளக்கமாட்டாது. புதிய பகுப்பு அட்டவணையோ வழக்கமாக 128 பகுப்புகளை ஏற்கும். இதனினும் சிறந்த மாற்றம், ஏற்றிகளுக்கென்றே வட்டில் ஒரு தனிப் பகுப்பு அமைந்ததாகும். அதில் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுக்கு ஒரு கோப்புறை என்று அவரவர் அறை அவரவர்க்கு. அவற்றின் பெயர்களும் முன்பின் வரிசையும் தாய்ப்பலகையின் நினைவில் எழுதப்படுகின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டிய தேவை ஒழிந்தது. வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும் ஆசை ஒழியவில்லை. ஆனால் வரிசையை மாற்றுவது அழிந்ததை எழுதுவதினும் எளிது.

வாயிற்காவலன் எழுத்தறிந்தவனானதும் அடுத்த வினா எழுந்தது. வருபவனின் அடையாளச் சீட்டையும் அவன் பார்க்கலாமே? 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, 'செக்யூர் பூட்' என்னும் காப்புமுறை அதற்கெனச் சான்று பெற்ற கணினிகளில் இயங்கும் நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. ஏற்கப்பட்ட சாவியால் கையொப்பமிடாத ஏற்றி அக்கணினியில் இயங்காது. பிரெய்ன் போன்ற நச்சுநிரலுக்கு இது தக்க மருந்து. ஆனால் தாய்ப்பலகைகளில் பொதுவாகப் பதிந்திருந்தது மைக்ரோசாஃப்டின் சாவி. ஒரு முறைமையை உலகுக்கு விற்பவரிடமே மற்ற முறைமைகள் நுழைவுச்சீட்டுப் பெற வேண்டிய நிலை ஏற்பட்டது. சாதாரண மேசைக் கணினிகளில் உரியவர் அக்காப்பை நிறுத்திக்கொள்ள இடம் இருந்தது, ஏ.ஆர்.எம். சில்லில் இயங்கிய விண்டோஸ் ஆர்.டி. கருவிகளில் அதுவும் இல்லை.

லினக்ஸ் பக்கத்தார் கண்ட வழி 'ஷிம்' என்னும் சிறு நிரல். மேத்யூ காரெட் அதனை ஆக்கி 2012-இல் வெளியிட்டார். மைக்ரோசாஃப்ட் கையொப்பமிடுவது ஷிம்முக்கு. ஷிம் தன்னிடமுள்ள சாவியால் கிரப்பைச் சரிபார்க்கும். கிரப் வழியே கருநிரல் சரிபார்க்கப்படும். கணினியின் உரிமையாளர் தம் சொந்தச் சாவியையும் அதில் பதிந்துகொள்ளலாம். கணினியின் முன் நேரில் அமர்ந்து மறைமொழியைத் தட்டினால்தான் அப்பதிவு செல்லும். தொலைவிலிருந்து செய்ய இயலாது. உரிமை பொருளுக்கு உடையவனிடம் சிறிதளவேனும் திரும்பியது இதனால்தான்.

கையொப்பமிட்ட நிரலிலும் பிழை இருக்கக்கூடும். கிரப் 2 தன் அமைப்புக் கோப்பை வாசிக்கும் முறையில் ஒரு பெரும் ஓட்டை இருந்ததை 2020 ஜூலையில் ஆய்வாளர் வெளியிட்டனர். பழைய ஏற்றிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தாய்ப்பலகையின் நினைவில் இடம் போதாது. ஆகவே, ஒவ்வோர் ஏற்றிக்கும் தலைமுறை எண் கொடுத்து, குறித்த எண்ணுக்குக் கீழ்ப்பட்டவற்றை ஒருசேர விலக்கும் 'எஸ்பேட்' என்னும் முறை வகுக்கப்பட்டது. காப்புக் கருதிச் செய்த இன்னொரு மாற்றமும் உண்டு. வட்டிலுள்ள பிற முறைமைகளைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் 'ஓஎஸ்-புரோபர்', 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பில் தானாக இயங்காதபடி நிறுத்தப்பட்டது. மேம்படுத்திய பலர், பட்டியலில் விண்டோஸைக் காணாமல் திடுக்கிட்டனர். விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் காப்பு மேம்பாடு எஸ்பேட் எண்ணை உயர்த்தியது. லினக்ஸும் உடனிருக்கும் கணினிகளில் இது செயற்படாது என்றே மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஆனால் அவற்றைக் கண்டறியும் சோதனை சிலவகை அமைப்புகளை உணரவில்லை. அக்கணினிகளில் லினக்ஸைத் தொடங்கியவர்க்குப் பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்ற செய்தி திரையில் தோன்றியது; கணினி நின்றது. லிலோவின் எழுத்துகளைப் போல, எங்கே இடறியது என்று உரியவர்க்கு விளங்கச் சொல்லும் இயல்பு அச்செய்திக்கு இல்லை. வழி அறிந்தவர் காப்புமுறையைச் சற்று நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, புதிதாக ஏறிய எஸ்பேட் விதியை நீக்கி, மீண்டும் காப்பை இயக்கிக்கொண்டனர். விண்டோஸ் பக்கத்தில் 2025 மே மாத மேம்பாட்டுடன் இது தீர்ந்தது. அவர்களின் லினக்ஸ் பகுப்பில் இருந்த கோப்பு ஒன்றும் கெட்டிருக்கவில்லை.